உள்ளே யாரும் இல்லை

"ஒரு மனிதன் ஓரிடத்தில் இருக்கிறானா இல்லையா என்ற ஆதிக் கேள்விக்கு, ஐயத்துக்கு இடமில்லாத விடையை உலகுக்கு முதன்முதலாக அளித்தது நம் தமிழினம்."

கடலடிக் கணினி மையத்தின் விழா மலர் இந்த வரியுடன்தான் தொடங்குகிறது. எழுதியவர் மையத்தின் தலைவர் முனைவர் அரங்கண்ணல். இதை எழுதிய அன்று அவர் அலுவலகத்தில் இருந்தார் என்று வருகைப் பதிவு சொல்கிறது. அவருடைய மைத்துனர் வீட்டுப் பால் காய்ச்சும் விழாவில் எடுத்த படங்கள் வேறு மாதிரி சொல்கின்றன.

விடை என்று அவர் குறிப்பிட்டது ஒரு கட்டளையை. கறுப்புத் திரையில் ஒரு சொல்லைத் தட்டினால், இந்த நேரத்தில் கணினிக்குள் நுழைந்து உட்கார்ந்திருப்பவர்கள் யார் யார் என்று அது பெயர்களை அடுக்கும். பாட்டன் காலத்துக் கணினிகளிலேயே இருந்த வசதிதான். தூத்துக்குடி மையம் அதற்குத் தமிழில் "யார்" என்று பெயர் சூட்டியது. "எவர்" என்றுதான் இருக்க வேண்டும் என்று ஒரு தரப்பு வெளிநடப்பு செய்தது. பிறகு டீ வந்ததும் உள்நடப்பு செய்தது.

மையம் இருப்பது கடலுக்கு அடியில். ஒரு பெரிய இரும்பு உருளை. அதற்குள் வரிசை வரிசையாகக் கணினிகள். கடல் நீரே குளிரூட்டி. மேலே அலைமட்டத்தில் ஒரு மிதவை மேடை, மேடையிலிருந்து கீழே போக ஒரு லிஃப்ட். உப்புக்காற்று பட்டால் கணினிகள் துருப்பிடிக்கும் என்பதால் உருளைக்குள் எப்போதும் நைட்ரஜன்தான். யாராவது வேலைக்கு இறங்கினால் மட்டும் நைட்ரஜனை வெளியேற்றிக் காற்றைச் செலுத்த வேண்டும். யாராவது இறங்கியிருக்கிறார்களா என்று காற்றுக் குழாய்க்கு எப்படித் தெரியும்? "யார்" சொல்லும். கீழே போகிறவர் முதல் வேலையாக அங்குள்ள முனையத்தில் தன் பெயரில் நுழைவார். பெயர் இருந்தால் காற்று. பெயர் இல்லையென்றால் நைட்ரஜன். அவ்வளவுதான் ஏற்பாடு. மனிதனின் இருப்பை ஒரு கட்டளை தீர்மானிக்கலாமா என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்கவில்லை. கூட்டங்களின் வருகைப் பதிவும் அதே கட்டளையில்தான் நடந்தது. கேட்டால் தங்களுக்கும் சிக்கல்.

இதற்கு நிரல் எழுதியவள் மெர்லின் பர்னாந்து. இனிகோ நகர்க்காரி, கெட்டிக்காரி, சபையில் மூத்தவர்கள் பேசும்போது குறுக்கே பேசாத பெண் என்று நல்ல பெயர் எடுத்தவள். கதைக்கு இந்தக் கடைசித் தகுதிதான் முக்கியம்.

தர ஆய்வுக்குத் துறைச் செயலாளர் வரப்போகிறார் என்று கடிதம் வந்த வாரம், மெர்லின் அரங்கண்ணலின் அறைக்குப் போனாள். "மனிதர் இல்லாமலே இயங்கும் மையம்" என்ற சான்றிதழ் கிடைக்கப்போகிற நேரம். அவர் உற்சாகத்தில் இருந்தார்.

"சார், ஒரு சின்ன விஷயம். கீழே மெஷினெல்லாம் துரு ஏறியிருக்கு."

"கடல்ல இருக்கிற மெஷின் துரு ஏறாம என்னம்மா செய்யும்?"

"நைட்ரஜன் இருந்தா ஏறாது சார். நைட்ரஜன் உள்ள போகவே இல்ல. திறப்பு விழா நாள்லேர்ந்து உள்ள காத்துதான் போய்க்கிட்டிருக்கு. ஆள் இருக்கறதா 'யார்' சொல்லுது."

"யாரு இருக்கறதா?"

"நீங்க சார்."

அரங்கண்ணல் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இங்கேதான் இருந்தார்.

"பழைய முறைன்னா பரவால்ல சார்," என்றாள் மெர்லின். "முன்னெல்லாம் நுழையறப்போ ஒரு கோப்புல பேர எழுதும், போறப்போ அடிச்சிடும். நடுவுல இணைப்பு அறுந்தா அடிக்க ஆளிருக்காது, பேர் ஆவி மாதிரி நின்னுடும். அது பொய்ப் பேருன்னு எடுத்துப் போட்டுடலாம். அந்தக் கோப்போட கடிகாரம் ரெண்டாயிரத்து முப்பத்தெட்டாம் வருசத்தோட முடிஞ்சுபோச்சுன்னு நாமளும் புது முறைக்கு வந்துட்டோம். இப்ப 'யார்' கோப்பைப் பாக்கறதில்ல, அமர்வைக் கவனிக்கிற நிரலையே நேரா கேக்குது. அது பொய் சொல்லாது. உங்க அமர்வு நெஜமாவே திறந்திருக்கு. திறப்பு விழா அன்னிக்கு நுழைஞ்சீங்க, வெளிய வரல."

"போகும்போது போறேன்னு சொல்ற பழக்கம் நமக்கு இல்லையேம்மா."

அவரே சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"நான் கீழயே போகல," என்றார் மெதுவாக. "லிஃப்ட்ல காது அடைக்கும். அன்னிக்கு வயர் மாத்தற ஜெபராணியத்தான் என் பேர்ல நுழையச் சொன்னேன். இங்க மேல கைதட்டிட்டோம். விழா மலர்ல, 'ஆழ்கடலில் முதல் தமிழன்'னு..."

"தெரியும் சார். ஒரே வரில உங்கள வெளியேத்திடலாம்."

"வெளியேத்தினா பதிவாகுமா?"

"ஆகும். நுழைஞ்ச நாள், வெளியேறின நாள், நடுவுல எத்தன எழுத்து தட்டினீங்கங்கறது எல்லாம். செயலாளருக்கு நகல் போகும்."

"எத்தன எழுத்து தட்டியிருக்கேன்?"

"உங்க பேரும் கடவுச்சொல்லும்தான் சார்."

அரங்கண்ணல் ஜன்னல் வழியாகத் துறைமுகத்தைப் பார்த்தார். பெரிய மனிதர்கள் அவமானத்தை உணரும்போது அதற்கு ஒரு கொள்கை வடிவம் கொடுத்துவிடுவார்கள். அது அவர்களுக்கு மட்டும் உள்ள சாமர்த்தியம்.

"மெர்லின், பயனர்னா யாரு? பயன்படுத்தறவன். சும்மா நுழைஞ்சுட்டு உக்காந்திருக்கறவன் பயனரா? கால் மணி நேரம் ஒரு எழுத்துகூடத் தட்டாதவன இருக்கறதா அறிவிக்கறது, உழைக்கறவனுக்குச் செய்யற அநீதி. அவங்கள 'யார்' காட்டக் கூடாது."

"கீழ வேலை செய்யறவங்க எப்பவும் தட்டிக்கிட்டே இருக்க மாட்டாங்களே சார்?"

"பழக்கப்படுத்திக்கணும்."

உழைப்பின் மேன்மை பற்றிய அந்தத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மெர்லின் நிரலை மாற்றினாள். சும்மா இருப்பவர்களையும் காட்டும்படி "ஒளிக்காமல்" என்று ஒரு துணைச்சொல்லை மட்டும் விட்டுவைத்தாள். அது அவளுக்கும் அரங்கண்ணலுக்கும் மட்டுமே தெரியும். காற்று குறைந்தால் அடிக்க உள்ளே அபாய மணி ஒன்று உண்டு. அதுவும் உள்ளே ஆள் இருப்பதாக "யார்" சொன்னால் மட்டும். ஆளில்லாத இடத்தில் யாருக்காக அடிப்பது என்பது மையக் குழுவின் வாதம்.

ஜெபராணிக்கு மெர்லினே போய்ச் சொன்னாள். ஜெபராணிதான் கீழே இறங்கி வயர் மாற்றுபவள். சாயர்புரத்துக்காரி, மெர்லினைவிடப் பத்து வயது மூத்தவள். கேன்டீனில் ரசவடையைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப கையால செய்யறது வேலையில்ல, விரலால தட்டுறதுதான் வேல. என்ன பிள்ள?"

"அப்படியில்லக்கா. இடையில இடையில வந்து ஸ்பேஸ் பார ஒரு தட்டு தட்டிட்டுப் போயிருங்க."

"மூச்சு விடுறதுக்கு ஸ்பேஸ் பாரா? ஏட்டி, ஒங்க சாருக்கு இத மொதல்ல யாரு சொல்லிக் குடுத்தது?"

"ஜெபாக்கா, வெளையாடாதீங்க. மறந்துறாதீங்க."

"மறக்க மாட்டேன். நான் இருக்கேனா இல்லையான்னு தெரியணும்னா ஒங்க சொல்லெல்லாம் எதுக்கு? லிஃப்ட் வாசல்ல செருப்பு கெடக்கும், பாத்துக்க."

அது உண்மைதான். கணினி அறைக்குள் செருப்புடன் போகக் கூடாது என்ற வழக்கம் எந்தக் கணினிக்கும் தேவைப்படவில்லை, ஆனால் எல்லாரும் கடைப்பிடித்தார்கள். லிஃப்ட் வாசலில் எத்தனை ஜோடி கிடக்கிறதோ அத்தனை பேர் கீழே. ஜெபராணியுடையது நீலம், இடது வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கும். லிஃப்ட் இயக்கும் கோயில்பிச்சை, திரையைப் பார்க்கத் தெரிந்தவன் என்றாலும், சாப்பிடப் போகுமுன் தரையைப் பார்த்துவிட்டுத்தான் போவான்.

தர ஆய்வு விழா நாள் காலையில் அரங்கண்ணல் மேடைக்கு வந்ததும் முதலில் பார்த்தது, பந்தல் வேலைக்காரர்கள் லிஃப்ட் வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளைத்தான்.

"என்னய்யா இது, கோயில் வாசல் மாதிரி? செயலாளர் வரப்போறாங்க. எல்லாத்தையும் வாரி பேனருக்குப் பின்னால போடு."

கோயில்பிச்சை ஒரு மீன்கூடையில் வாரிப் போட்டான்.

அரங்கண்ணல் அடுத்ததாகப் பார்த்தது பெரிய திரையில் எரிந்த ஒரு சிவப்பு விளக்கை. எல்லாம் பச்சையாக இருக்க வேண்டிய படத்தில் ஒன்று மட்டும் சிவப்பு. கீழே ஏதோ ஒரு மின்பெட்டி பழுது. ஜெபராணியை இறக்கினார்கள். "சீக்கிரம் முடிச்சிட்டு மேல வந்துரும்மா" என்று அவரே அன்பாகச் சொன்னார். அவள் செருப்பைக் கழற்றி வழக்கம்போல் லிஃப்ட் வாசலில் விட்டுப் போனாள். கோயில்பிச்சை அதையும் எடுத்துக் கூடையில் போட்டான்.

சிவப்பு பச்சையாயிற்று. செயலாளர் சுகிர்தா படகில் வந்து இறங்கினார். நாகஸ்வரம், குத்துவிளக்கு. கடல்காற்றில் திரி நிற்கவில்லை; யாரோ குனிந்து கைகளால் மறைத்துக்கொள்ள, ஒரு திரி ஏற்றப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரிய திரைக்கான வயர் ஆட்டம் கண்டது. மெர்லின் பேனருக்குப் பின்னால் போய் அழுத்திவிட்டு வந்தாள். பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. செயலாளருக்கு, தலைவருக்கு, குழு உறுப்பினர்களுக்கு, உபயதாரருக்கு, உபயதாரரின் மாமனாருக்கு. ஒவ்வொன்றுக்கும் படம். காற்றில் பொன்னாடை பறந்தால் மறுபடியும் படம்.

அதன்பின் அரங்கண்ணல் ஒலிவாங்கி முன் நின்றார்.

"இந்த மேடைக்குக் கீழே, ஆழ்கடலின் அமைதியில், மனித மூச்சுக்காற்றே படாமல் ஆயிரமாயிரம் கணினிகள் இயங்குகின்றன. நம்புவதற்கு அரிது! கேட்டுவிடுவோமே?"

மெர்லினைப் பார்த்துக் கையசைத்தார். அவள் "யார்" என்று தட்டினாள். பெரிய திரையில் வந்தது:

உள்ளே யாரும் இல்லை.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அரங்கண்ணல் மனிதனின் இருப்பு பற்றிப் பேசத் தொடங்கினார். சித்தர்களிலிருந்து ஆரம்பித்தார்.

நன்றியுரைக்கு அழைக்கும்போதுதான் மெர்லின் மேடையில் ஏறி அவர் காதருகே போனாள். கையில் ஒரு நீலச் செருப்பு இருந்தது.

"சார், ஜெபாக்கா மேல வரல."

"செருப்ப கீழ போடு. கேமரா இருக்கு." புன்னகை மாறாமல் சொன்னார். "திரை என்ன சொல்லுது?"

"நாம சொல்லச் சொன்னதச் சொல்லுது சார். அவங்க தட்டாம இருக்காங்க. நைட்ரஜன் போய்க்கிட்டிருக்கு."

"வந்துட்டுப் போயிருப்பா."

லிஃப்ட் வாசலில் நின்ற கோயில்பிச்சையைப் பார்த்து மெர்லின் கத்தினாள். "அண்ணே! ஜெபாக்கா மேல வந்தாங்களா?"

"நான் பாக்கலம்மா. நாகஸ்வரக்காரவுளுக்குக் கலர் சோடா வாங்கிக் குடுக்கப் போயிருந்தேன். கூடையில செருப்பு கெடந்துச்சு. திரையில ஆளே இல்லன்னு போட்டுட்டாகளா, சரி, வெறுங்காலோட வீட்டுக்குப் போயிட்டாக போலன்னு நெனச்சேன்."

"என்ன விஷயம்?" செயலாளர் நாற்காலியிலிருந்து கேட்டார்.

"ஒண்ணுமில்லம்மா," என்றார் அரங்கண்ணல். "ஒரு சின்ன டெக்னிக்கல் டவுட்."

மெர்லின் கணினியிடம் போனாள். அரங்கண்ணல் பின்னாலேயே வந்தார். குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது.

"மெர்லின். 'ஒளிக்காமல்' போட்டா ரெண்டு பேரும் வருவோம்."

"வரட்டும் சார்."

"பெரிய திரை வயர மட்டும் கழட்டிட்டுப் போடும்மா. பேனருக்குப் பின்னாலதான இருக்கு. ரெண்டு எட்டு."

அந்த இரண்டு எட்டில் ஒன்றை மெர்லின் எடுத்து வைத்தாள். அதையும் சொல்லியாக வேண்டும். பிறகு நின்று, திரும்பி, குனிந்தாள். தோளில் இருந்த பொன்னாடை விசைப்பலகைமேல் சரிந்தது. அதைத் தரையில் தள்ளிவிட்டுத் தட்டினாள்.

யார் ஒளிக்காமல்.

பெரிய திரையில் இரண்டு பெயர்கள். ஜெபராணி, இன்று காலை நுழைந்தவர், செயலின்றி இருக்கிறார். அரங்கண்ணல், மூன்றாண்டுகளுக்கு முன் நுழைந்தவர், செயலின்றி இருக்கிறார்.

கூட்டம் படித்தது. செயலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"டாக்டர் அரங்கண்ணல், நீங்க உள்ளயா இருக்கீங்க?"

"ஒரு வகையில்," என்றார் அவர்.

மெர்லின் இதற்குள் கீழே உள்ள முனையத்தை இங்கிருந்தே ஒரு வரியில் தொட்டுவிட்டாள். யாரோ ஒரு எழுத்துத் தட்டியதாகக் கணினி நம்பியது. ஜெபராணி இருக்கிறாள் என்று "யார்" ஒப்புக்கொண்டது. அதன்பிறகுதான் உள்ளே காற்று பாய்ந்தது. அதன்பிறகுதான் அபாய மணி அடித்தது. மணியைக் கேட்டதும் விருந்தினர்களில் பாதிப் பேர் படகை நோக்கி ஓடினார்கள்.

கோயில்பிச்சை முகமூடி மாட்டிக்கொண்டு இறங்கினான். முனையத்துக்கு நாலடி தள்ளித் தரைப்பலகையைத் தூக்கி, கீழே வயர்களுக்கு நடுவில் படுத்து வேலை பார்த்திருக்கிறாள். சிவப்பு விளக்கு பச்சையான பிறகும், பக்கத்துப் பெட்டியும் பழுதாகப் போகிற மாதிரி இருந்ததால் அதையும் மாற்றியிருக்கிறாள். நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. மூச்சு முட்டாது. தூக்கம் வருகிற மாதிரிதான் இருக்குமாம். எழுந்து ஸ்பேஸ் பாரை நோக்கித் தவழ்ந்திருக்கிறாள். கை மேசைக்காலைப் பிடித்திருந்தது.

பிழைத்துக்கொண்டாள்.

விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. பொருளை ஆழமாக அறிந்தவர் என்ற முறையில் அரங்கண்ணலே தலைவர். செயலாளருக்கும் அவருக்கும் இடையே என்ன பேச்சு நடந்தது என்று தெரியவில்லை. அந்தத் துறையின் ஆய்வுப் படகுகளிலும் "யார்" பொருத்தப்பட்டிருந்தது. அவற்றில் செயலாளர் எத்தனை முறை பயணம் செய்ததாகக் கணக்கு இருக்கிறது என்பது அரங்கண்ணலுக்குத் தெரியும் என்று மட்டும் கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். அறிக்கை இரண்டு பரிந்துரைகளைச் செய்தது. செயலின்றி இருப்போரும் இனி இருப்போராகவே கருதப்படுவர். லிஃப்ட் வாசலில் செருப்பு விடக் கூடாது. அது அதிகாரபூர்வமற்ற இருப்புத் தகவலைப் பரப்புகிறது.

முதல் பரிந்துரையின்படி அரங்கண்ணலும் மறுபடி உள்ளே இருப்பவர் ஆகிவிட்டார். முறையாக வெளியேற அவர் கீழே போய்த் தட்ட வேண்டும். காது அடைக்கும். ஆகவே காற்று நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது, கணினிகள் ஒவ்வொன்றாகத் துருப்பிடித்து நிற்கின்றன. சான்றிதழ் வந்துவிட்டது.

மெர்லின் ஞாயிறு ஆராதனை முடிந்த நேரமாகப் பார்த்துச் சாயர்புரம் போனாள். ஒரு டப்பா முந்திரி மக்ரூன் வாங்கிப் போயிருந்தாள். ஜெபராணி வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வலது கை நடுங்கியது; காம்பும் இலையும் ஒரே தட்டில் விழுந்தன.

"வா பிள்ள. ஒக்காரு. அத எடுத்துப் போட்டுக்க... அந்த... ஒக்காருவோம்லா, அது."

"நாற்காலிக்கா."

"ஆமா. பேரெல்லாம் வழுக்கிட்டுப் போவுது. பொருள் கண்ணுக்குள்ள நிக்கும், பேரு வராது. வயர் உரிப்போம்லா, அதுக்கு என்னன்னு மூணு நாளா யோசிக்கேன்." சிரித்தாள். "இனிம எனக்கு வயரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்னு ஸ்டோர்ல போட்டுட்டாக. அங்க எல்லாத்துக்கும் பேரு சொல்லித்தான் கேக்கணும்."

முன்பும் அவள் "பிள்ள" என்றுதான் கூப்பிடுவாள். அதனால் தன் பெயர் அவளுக்கு நினைவிருக்கிறதா என்று மெர்லினால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கத் துணிச்சலும் இல்லை.

"நீதான் கண்டுபிடிச்சியாம். கோயில்பிச்ச வந்து சொன்னான். செருப்பப் பாத்துக் கண்டுபிடிச்சியாம்லா?"

"ஆமாக்கா."

"நான் சொன்னேன்லா, செருப்பப் பாருன்னு. அது நல்லா ஞாவகம் இருக்கு." ஒரு காம்பை உருவப் பார்த்து விட்டுவிட்டாள். "டாக்டரு சொல்லுதாரு, ஒரு பத்து நிமிசம் முந்திக் கூட்டியாந்திருந்தா இந்தக் கை தப்பியிருக்குமாம். அதுக்கு யாரு என்ன செய்ய? எப்ப பிள்ள பாத்த நீ?"

"நன்றியுரையப்போக்கா. பாத்ததும் ஓடிவந்துட்டேன்."

"அதான. பாத்தா விடுவியா நீ."

ஜெபராணி மக்ரூன் டப்பாவைத் திறக்க முயன்றாள். மெர்லின் வாங்கித் திறந்து கொடுத்தாள்.

விசாரணைக் குழுவிடமும் அவள் நன்றியுரை என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தாள். கூடையில் அந்த நீலச் செருப்பை அவள் பார்த்தது வயரை அழுத்தப் போனபோது. முதல் பொன்னாடைக்கு முன்னால். அன்று மொத்தம் பதினொரு பொன்னாடை. பதினொன்றாவது அவளுக்கு.